மூடிய ஷட்டரில் ஒரு பந்தி

ஷுக்லாதி தன் சொந்தக் கடையைத் திறக்க வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவரை வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

சொன்னது யாரோ ஒரு பெண். கல்லூரிக்குப் போகிற வயது. காதில் பெரிய வளையம், கையில் செல்போன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவம். "காக்கிமா, நாங்கல்லாம் ரொம்ப நேரமா நிக்கிறோம். பின்னாடி வாங்க" என்று சித்தி முறை வைத்து மரியாதையாகத்தான் சொன்னாள். ஷுக்லாதியும் மறுபேச்சுப் பேசாமல் போய்க் கடைசியில் நின்றுகொண்டார். புடவைத் தலைப்பில் முடிந்திருந்த சாவிக்கொத்து முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் எதிர்க்கடையில் காபிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், வரிசையின் வாலில் வெள்ளை முடியும் தடிக் கண்ணாடியுமாக ஷுக்லாதி! எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தீதி! எப்ப வந்தீங்க? இங்க ஏன் நிக்கிறீங்க?"

"லைன்ல நிக்கச் சொன்னாங்க பானு" என்றார், ரேஷன் கடையில் நிற்பவர் மாதிரி.

இந்த ஞாயிற்றைப் பற்றி எழுத வேண்டாம் என்று வாரக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆனால், கொல்கத்தா டாக்குரியாவில் எங்கள் சந்து பிழைத்து எழுந்த பெருமையைப் போன இதழில் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன் இல்லையா, அதைப் படித்த ஒரு வாசகி, "எங்கள் ஊர்க் கடைத்தெருவும் காற்று வாங்குகிறது, நாங்களும் இப்படிப் படம் வரையலாமா?" என்று கேட்டிருக்கிறார். தாராளமாக வரையுங்கள் அம்மா. மிச்சக் கதையையும் கேட்டுவிட்டு வரையுங்கள்.

என் புடவையோடு ஓடியவர்

என் வீட்டுக்காரருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் வேலை என்று முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தவரை தமிழ், கொஞ்சம் தெலுங்கு, உடைந்த ஹிந்தி, இவை போதும். டாக்குரியாவில் ஃப்ளாட் வாங்கி வந்த பிறகுதான் வங்காளம் பேசாமல் ஒரு கட்டுக் கீரைகூட வாங்க முடியாது என்று தெரிந்தது.

வந்த புதிதில் ஒரு கடுகு நிறப் புடவைக்கு ரவிக்கைத் துணி தேடி, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சந்துக்கு வந்தேன். நடுவில் ஒரு சின்ன மேட்சிங் கடை. உள்ளே தடிக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. புடவையை நீட்டினேன். வாங்கினார். வாங்கியவர் கடையை விட்டுத் தடதடவென்று இறங்கித் தெருவில் ஓட ஆரம்பித்துவிட்டார்!

"ஏம்மா, என் புடவை!" என்று சுத்தத் தமிழில் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். சந்து முழுக்க வேடிக்கை பார்த்தது.

அவர் வெயில் விழும் இடத்தில் போய் நின்று, புடவை மேல் ஒரு துணித்துண்டை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். மறுபடி கடைக்குள் ஓட்டம், வேறு துண்டு, மறுபடி வெயிலுக்கு ஓட்டம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்த்துத் துணி வெட்டிக் கொடுப்பது அவரைப் பொறுத்தவரை ஏமாற்று வேலை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்று மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன்.

எனக்கு வங்காளத்தில் முதலில் படிந்தது நிறங்களின் பெயர்கள்தான். எல்லாம் அவரிடம் கற்றது.

இவர் ரிடையர் ஆகும் சமயத்தில் ஷுக்லாதி கடைக்கு எதிரிலேயே காபிப்பொடி, அப்பளம், இட்லி மாவு என்று நானும் ஒரு கடை போட்டேன். முதல் போணி ஷுக்லாதிதான். காபியே குடிக்காத மனுஷி. அந்தப் பொடியைத் தேயிலை மாதிரிக் கொதிக்க வைத்துக் கஷாயமாகக் குடித்துவிட்டு, மறுநாள் வந்து "ரொம்ப நல்லா இருந்தது" என்றார். முகம் சொன்னது வேறு கதை. அதுதான் ஷுக்லாதி. யாரிடமும் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. எது கேட்டாலும் "ஆச்சா." சரி என்று அர்த்தம்.

சுவர் யாருடையது?

அப்புறம் எல்லா ஊரிலும் நடந்ததுதான் எங்கள் சந்திலும் நடந்தது. பக்கத்தில் பெரிய பெரிய மால்கள். போனில் விரலை வைத்தால் பால் முதல் பல்பு வரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். மத்தியான நேரத்தில் சந்தின் இந்த முனையில் யாராவது தும்மினால் அந்த முனையில் கேட்கும்.

சந்துக்கு ஒரு சமிதி உண்டு, கடைக்காரர் சங்கம். பல்புக் கடை நிதாய்தா அதற்குச் செயலாளர். அதுவரை சமிதி கூடியதெல்லாம் சண்டை போடத்தான். சாக்கடை யார் கடை முன்னால் நிரம்பியது, யார் படுதா யார் போர்டை மறைக்கிறது, இதே பஞ்சாயத்து. அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு நாள் பாப்பா எழுந்து, "படம் போடலாம்" என்றான். பாப்பா என்றதும் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது தாண்டிய, தொப்பையும் தாடியுமான ஆள். இங்கே ஆண்களுக்கு வைக்கிற செல்லப்பெயர் அது. பூஜைக்குப் பந்தல் வடிவமைப்பது அவன் தொழில். துர்கா பூஜை முடிந்தால் அடுத்த பூஜை வரை எங்கள் கடைகளில்தான் அவன் குடியிருப்பு.

"ஜனங்க பந்தல் பாக்க மைல் கணக்கா நடக்கிறாங்க. வருஷம் பூரா பந்தல் இருந்தா வருஷம் பூரா வருவாங்க. சந்து முழுக்க ஒரே படமா இருக்கட்டும்" என்றான்.

எதில் வரைவது? சுவரில் முடியாது. கொல்கத்தாவில் சுவர் வீட்டுக்காரருடையது என்று நினைப்பவர் ஊருக்குப் புதுசு. தேர்தல் வருவதற்கு வெகு முன்பே கட்சிக்காரர்கள் வந்து சுண்ணாம்பு அடித்து, மூலையில் தங்கள் கட்சிப் பெயரை எழுதி இடம் பிடித்துவிடுவார்கள். பஸ் சீட்டில் கைக்குட்டை போடுகிற மாதிரி. அப்புறம் அந்தச் சுவரை ஒருவரும் தொட முடியாது.

"அப்ப ஷட்டர்ல போடுவோம். ஷட்டர் நம்மளது" என்றார் நிதாய்தா. எல்லோரும் கை தட்டினோம். நானும்தான். நான் ரொம்பப் பலமாகத் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது, இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்: "ஏன்டி பானு, கடையைத் திறந்தா ஷட்டர் மேல போயிருமே?"

"ஆமா, ரொம்பக் கண்டீங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். ராத்திரி தெரியும், வியாழக்கிழமை சந்துக்கு விடுமுறை, அன்று நாள் முழுக்கத் தெரியும், விளம்பரத்துக்கு அது போதாதா? எங்கள் கணக்கு அப்படி.

எதிர் எதிராக இரண்டு வரிசை

பாப்பா வரைந்தது ஒரு கல்யாணப் பந்தி. சந்தின் இரண்டு பக்கமும் எதிர் எதிராக ஆட்கள் தரையில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். ஒவ்வொரு ஷட்டரிலும் அந்தந்தக் கடைக்காரர் முகம். நிதாய்தா பூரிக்கூடையைப் பக்கத்து ஷட்டருக்கு நீட்டுவார், அங்கே காய்கறிக் கடைக்காரரின் கை அதை வாங்கும். எனக்கு மட்டும் இலையில் மலை மாதிரி இட்லி. "கல்யாணத்துல யாருடா இட்லியை இப்படிக் குமிப்பாங்க?" என்று சண்டைக்குப் போனேன். "அப்பதானே பானுதி உங்களை மெட்ராஸ்காரின்னு தெரியும்" என்றான். என் சொந்த ஊர் விருதுநகர். அதை அவனுக்கு விளக்கி ஓய்ந்துபோனேன்.

ஷுக்லாதி ஷட்டர்தான் பந்தியின் நடு. அதில் அவர் உட்காரவில்லை. கழுத்தில் இன்ச் டேப்போடு குனிந்து மீன் குழம்பு பரிமாறுகிறார். எதிரில் ஒரு இலை, பக்கத்தில் தண்ணீர் டம்ளர், ஆனால் ஆள் இல்லை. நாம் ஷட்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நமக்கே பரிமாறுகிற மாதிரி இருக்கும்.

குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமைகளில் வேலை நடந்தது. பெயிண்ட் ஒருவர், தூரிகை ஒருவர், சாப்பாடு ஒருவர். நான் ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காகக் காபி. நிதாய்தா தன் கடையிலிருந்து மஞ்சள் ஃபோகஸ் விளக்குகள் கொண்டுவந்து மாட்டினார். சாக்கடைக்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த இரண்டு பேர் ஒரே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

படம் முடிந்த அன்று சாயங்காலம் எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டு, நாங்கள் நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். இரண்டு பக்கமும் எங்கள் முகங்கள். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் என் மகள் கல்யாணத்தில்கூட இல்லை, அன்று சமையல்காரரோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது. ஷுக்லாதி தன் படத்தைப் பார்த்து, "என்னை இவ்வளவு குண்டா போட்டுட்டானே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கூட்டம் வந்தது. நிஜமாகவே வந்தது! போனில் யாரோ படம் போட்டு, அது எங்கெங்கோ பரவி, வியாழக்கிழமை தவறாமல் ஜனங்கள் வந்தார்கள். வந்து படம் எடுத்துக்கொண்டு, "இங்கே எதுவும் வாங்கக் கிடைக்காதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். என்ன கிடைக்கும்? எல்லாக் கடையும்தான் மூடியிருக்கிறதே. இவர் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பது எனக்குக் கேட்டது.

ஞாயிறு மட்டும்

வழியைக் கண்டுபிடித்தவர் நிதாய்தா. முழுப் பந்தியும் தெரிய வேண்டாம், வருகிறவர்கள் தேடுவது அந்தக் காலி இலையைத்தான், அதன் முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள. அந்த ஒரு ஷட்டர் இறங்கியிருந்தால் போதும், மற்றவர்கள் கடையைத் திறந்துவைத்து வியாபாரம் பார்க்கலாம்.

சமிதி மொத்தமும் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு ஷுக்லாதி வீட்டுக்குப் போனது. நானும் போனேன்.

"தீதி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும். வேற நாள் வேண்டாம். நஷ்டத்தை எல்லாருமாச் சேர்ந்து ஈடு கட்டிருவோம்."

"சீச்சீ, என் கடையை மூடுறதுக்கு உங்ககிட்ட காசு வாங்குவேனா?" என்றார் ஷுக்லாதி. பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஆச்சா" என்றார்.

திரும்பி வரும்போது நான் மட்டும் பின்தங்கி, "மேட்சிங் வியாபாரமே ஞாயித்துக்கிழமைதானே தீதி, ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் வீடு தேடி வந்துட்டாங்களே பானு. எப்படி மாட்டேங்கிறது?"

ஞாயிறு, சனியும் ஞாயிறுமாக ஆனது. ரவிக்கைத் துணிக்கு வந்த பெண்கள் இரண்டு தடவை பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை நேரே கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கோ அந்த இரண்டு நாளும் நிற்க நேரமில்லை. என் கடைக்கு முன்னால் ஃபில்டர் காபி குடிக்கக் கூட்டம் நின்றது. ஷுக்லாதியின் வாடிக்கையை நாங்கள் பிடுங்கவில்லைதான். ஆனால் அவர் ஷட்டர் இறங்கினால்தான் எங்கள் கல்லா நிரம்பும் என்று ஆகிப்போனது.

கோடையில் ஷுக்லாதி மகளின் பிரசவத்துக்காக ஊரின் மறுகோடியில் இருக்கும் சால்ட் லேக் போனார். ஒரு மாதம் என்று போனவர், பேரன் எடை குறைவாகப் பிறந்ததில் மழைக்காலமும் அங்கேயே இருக்கும்படி ஆனது. ஷட்டர் வாரம் முழுக்க இறங்கியே கிடந்தது. சந்துக்கு அது பொற்காலம். மோமோ வண்டி வந்தது, ஐஸ்கிரீம் வந்தது. மூடியிருந்த பழைய பாத்திரக் கடை கேக் கடையாகத் திறந்தது. அந்த ஷட்டருக்குப் பின்னால் ஒரு கடை இருக்கிறது என்பதையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள்.

திறந்த கடை

அப்படி மறந்திருந்த நேரத்தில்தான், பூஜைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, அந்த ஞாயிறு. மேட்சிங் கடைக்கு வருஷச் சம்பாத்தியமே பூஜைக்கு முந்தைய வாரங்கள்தான். ஷுக்லாதி மறுபடி கடை நடத்தத்தான் வந்திருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? வரிசையைப் பிளந்துகொண்டு போனேன். "நகருங்க, நகருங்க! கடைக்கு சொந்தக்காரங்க வந்திருக்காங்க!"

நிதாய்தா ஓடி வந்தார். "பானுதி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை..."

"இருந்தா என்ன? அவங்க கடையைத் திறக்க அவங்க உங்ககிட்ட லீவ் லெட்டர் குடுக்கணுமா?"

மனிதர் முகம் சுருங்கிப்போனது. கெட்டவர் இல்லை அவர். சாவியை வாங்கித் தானே குனிந்து பூட்டைத் திறந்தார். மாதக்கணக்கில் அசையாத ஷட்டர் ஏற மறுத்தது. பாப்பாவும் சேர்ந்து தள்ளினான். கிறீச்சென்று மேலே போயிற்று. வரிசையில் இருந்து "அய்யோ" என்று ஒரு சத்தம் எழுந்தது.

உள்ளே அந்துருண்டை வாசமும் ஈர வாசமும். ஷுக்லாதி அலமாரியைத் துடைத்தார், துணிக்கட்டுகளைச் சரித்துச் சரித்துப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வரிசை கலையவில்லை. ஓரமாக ஒதுங்கி, பொறுமையாக, அவர் எப்போது மூடுவார் என்று காத்துக்கொண்டு நின்றது. யாராவது திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்குக் கிழித்திருப்பேன். இந்தப் பொறுமைக்கு என்ன செய்வது?

மேட்சிங் இல்லாமல் இரண்டு புடவை என்னிடம் இருந்தது. ஷுக்லாதி வரட்டும் என்று கடையிலேயே பையில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு ஓடினேன். "தீதி, முதல் போணி என்னுது!"

அவர் முகம் மலர்ந்ததே, அதை எப்படி எழுதுவேன்! மெரூன் புடவையை வாங்கி, இரண்டு துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் தெருவுக்கு இறங்கினார். இருட்டிவிட்டிருந்தது. படத்துக்காக மாட்டிய மஞ்சள் விளக்குகள்தான் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் மெரூன் காவியாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏய், படத்துல இருக்கிற காக்கிமாடா இவங்க!" என்று யாரோ கத்தினார்கள். சட்டென்று சுற்றி நின்று படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கையில் என் புடவையோடு அவர் நடுவில் நின்றார். யாருக்கும் முகம் கோணாமல் சிரித்துக்கொண்டே நின்றார். கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஏன் அழறா?" என்று ஷுக்லாதி அதன் அம்மாவைக் கேட்டார்.

"அந்த இலை முன்னாடி உட்காரணுமாம். சோனார்பூர்லேருந்து ட்ரெயின்ல வந்தோம். நீங்க எப்ப மூடுவீங்க காக்கிமா?"

ஷுக்லாதி கடைக்குள் போனார். துணிகளை மடித்து அலமாரியில் வைத்தார். என் புடவையையும் மடித்து என் கையில் கொடுத்தார்.

"இந்த வெளிச்சத்துல தெரியலை பானு."

"அதனால என்ன தீதி, காலையில பாக்கலாம். விடிஞ்சதும் வாறேன்."

"காலையில உன்னைத் தவிர யார் வருவா?"

நிதாய்தா தலையைக் குனிந்துகொண்டார். பாப்பா எங்கே போனான் என்றே தெரியவில்லை.

ஷுக்லாதியே கொக்கியைப் போட்டு ஷட்டரை இழுத்தார். அது பாதியில் நின்றது. வரிசையில் இருந்த இரண்டு பையன்கள் ஓடிவந்து உதவினார்கள். ஷட்டர் தரையைத் தொட்டதும் கூட்டம் கை தட்டியது. சந்தோஷமாகத் தட்டியது. அந்தக் குழந்தை ஓடிப்போய் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

ஷுக்லாதி பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்தார். நான் புடவைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். சந்தில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"அழாதே. பூஜைக்கு நாள் இல்லை, நாளைக்கே கரியாஹாட் போ" என்றார். "மார்க்கெட் மூலையில ஒரு கிழவர் கடை இருக்கு. என் பேரைச் சொல்லு. நல்ல துணியா எடுத்துக் குடுப்பார்."